குத்துவிளக்கு ஏற்றியவர் பெயர் இருக்கிறது, மேடைக்கு விளக்குப் போட்டவர் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் திருப்பூரில் நடந்த எங்கள் நாடகத்துக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றிங்க. சென்னையில் சபாக்காரர்கள் தயவில் நடக்கிற நாடகமாக இருந்தால் வேறு விஷயம், இங்கே ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அமெச்சூர் ஆட்கள் போடும் நாடகத்தை யார் எழுதப் போகிறார்கள் என்றுதான் இருந்தோம். ஆனால் படித்து முடித்ததும் ஒரு இடம் உறுத்தியது. எழுதி இயக்கியவர் பெயர் இருக்கிறது, அண்ணன் தம்பியாக நடித்தவர்கள் பெயர் இருக்கிறது, சரி, அதெல்லாம் இருக்க வேண்டியதுதான். குத்துவிளக்கு ஏற்றியவர், தலைமை தாங்கியவர், பொன்னாடை போர்த்தியவர், போர்த்திக்கொண்டவர் என்று அத்தனை பேரும் பட்டம் பதவியோடு இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் முதல் காட்சி முடிவதற்குள் காரில் ஏறிவிட்டார்கள் (நான் திரை இழுப்பவன், நான் நிற்கும் இடத்திலிருந்து முன்வரிசை நன்றாகவே தெரியும்). மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிட்டீர்கள்.

உங்கள் விமர்சகர் "மேடைக்கு ஒரு கிணற்றையே கொண்டுவந்துவிட்டார் இயக்குநர்" என்று எழுதியிருந்தார். கிணற்றுப் பங்குக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்ளும் கதை, அதனால் கிணறு முக்கியம்தான். ஆனால் இயக்குநர் கேட்டது ஒரு கயிறும் ஒரு வாளியும்தான். மீதியைப் பார்வையாளர்கள் கற்பனை பண்ணிக்கொள்ளட்டும் என்றார். அதெல்லாம் நம்ம ஊரில் எடுபடாது, இங்கே முன்வரிசையில் உட்காருகிற பெரியவர்கள் நிஜமாகவே கிணற்றுப் பங்குக்குக் கோர்ட்டுக்குப் போனவர்கள் என்று சொல்லி, கிணற்றுச் சுவரைச் செய்தே தீருவது என்று நின்றவர் ஒரு போர்டு ஓவியர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடைகளுக்குப் போர்டு எழுதும் வேலை அவருக்கு அநேகமாக இல்லாமல் போய்விட்டது. கல்யாண மேடை அலங்காரத்தில் கழித்துப்போட்ட பிளைவுட்டை வாங்கி, வளைத்து அடித்து, அதன்மேல் பாறை வெட்டிய தடமும் பாசியும் தண்ணீர்க் கறையும் வருகிற மாதிரி வரைந்தார். உள்ளே பார்த்தால் வெறும் சட்டம்தான். வெளியே பார்த்தவர்கள் "இது அவிநாசிப் பக்கம் எந்தத் தோட்டத்துக் கிணறுங்க?" என்று கேட்டார்கள். அந்தப் பாராட்டு முழுவதும் இயக்குநர் கணக்கில் போய்விட்டது. அவரும் பாவம், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஓவியருக்குப் போன் போட்டு வருத்தப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது அந்தச் சாயங்காலக் காட்சி. "மாலை மெல்ல இறங்கியது" என்று ரசித்து எழுதியிருந்தார் விமர்சகர். அது எப்படி இறங்கியது என்று கேட்டிருந்தால் கட்டுரைக்கு இன்னும் நல்ல விஷயம் கிடைத்திருக்கும். இப்போது எல்லா இடத்திலும் எல்.இ.டி. விளக்குகள்தான். கரண்ட் குறைவு, சூடு குறைவு, எல்லாம் சரி. ஆனால் சாதாரண எல்.இ.டி.யில் வெளிச்சத்தைக் குறைத்தால் நிறம் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும்தான் குறையும். பழைய ஹாலஜன் விளக்கை டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) இறக்க இறக்கத் தானாகச் செம்மஞ்சளாக மாறும், பொழுது சாய்கிற மாதிரியே. அதற்காக எங்கள் லைட்காரர் எங்கெங்கோ தேடி ஹாலஜன்களை வாடகைக்கு எடுத்து வந்தார். பகலில் அவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ஹாலஜன் ஒன்று 1000 வாட்ஸ், 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மண்டபத்து 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று மாட்டலாம், நாலாவதை மாட்டினால் தாங்காது. அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக வயர் இழுத்து, மூன்று பேஸிலும் லோடைப் பிரித்துக் கொடுத்தார். இதற்கு நடுவில் நாடகம் முடியும் வரை சமையல்கட்டில் கிரைண்டர் போடக்கூடாது என்று மண்டபத்து மேனேஜரிடம் போய்ச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். அதற்கும் ஆள் இருந்தது. அவர் பெயரும் உங்கள் பக்கத்தில் இல்லை.

பெண்கள் நடித்ததை 'பாராட்டத்தக்க துணிச்சல்' என்று எழுதியிருந்தீர்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் துணிச்சலை வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வர முடியாதுங்க. தம்பி பெண்டாட்டியாக நடித்தவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் வருவார். ஒத்திகை நடந்தது இன்னொரு கம்பெனியின் பேக்கிங் ஹாலில், அயர்ன் டேபிள்களை ஓரம் தள்ளிவிட்டு. ஷிப்மெண்ட் நேரம் வந்துவிட்டால் அந்த இடமும் கிடையாது, பாதி நடிகர்களும் கிடையாது. ஒத்திகை முடியும்போது டவுன் பஸ் நின்றிருக்கும். குழுவிலிருக்கும் ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் தங்கள் ஆம்னி வண்டியில் பெண்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறக்கி, மாமியாரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அந்த நாலு வார்த்தை இல்லையென்றால் அடுத்த வாரம் அந்தப் பெண் வரமாட்டார். நடிகையின் குழந்தையைப் பார்த்துக்கொண்டது இன்னொரு நடிகரின் அம்மா. இந்த வேலைக்கெல்லாம் நாடக பாஷையில் ஒரு பட்டம் கிடையாது, அதனால் நோட்டீஸில்கூட எந்தத் தலைப்பில் போடுவது என்று எங்களுக்கே தெரியாமல் விட்டுவிட்டோம். அடுத்த நோட்டீஸில் தலைப்பு இல்லாமலே போட்டுவிடலாம் என்று பேசியிருக்கிறோம்.

அப்புறம் ப்ராம்ப்டர். ரிட்டயர் ஆன வாத்தியார். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பார். கேட்க லேசான வேலையாகத் தெரியும். நடிகர் வசனத்தை மறந்து நிற்கிறாரா, இல்லை வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாரா என்று ஒரு நொடியில் முடிவு பண்ண வேண்டும். முன்னதில் விட்டால் நாடகம் கவிழும், பின்னதில் வாய் திறந்தால் நடிகர் ராத்திரி முழுக்கத் திட்டுவார். எங்கள் வாத்தியார் நடிகர்களின் முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பார். மறந்தவனுக்குத் தோள் லேசாகத் தூக்கிக்கொள்ளுமாம். அண்ணனாக நடித்தவரின் அந்த நீண்ட மௌனத்தைப் புகழ்ந்து உங்கள் விமர்சகர் ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். அது எந்த வகை மௌனம் என்பது வாத்தியாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், நாங்கள் சொல்வதாக இல்லை.

அனுமதி வாங்க அலைபவர் ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் 1954-ஆம் வருடத்து நாடகச் சட்டப்படி கதை வசனத்தை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகு அந்தத் தொல்லை விட்டது. அந்த வழக்கைப் போட்டவரும் அமெச்சூர் நாடகக்காரர்தான் என்பதில் எங்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஆனால் கோயில் நோம்பியில் திறந்தவெளி மேடை என்றால் மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி இன்னும் வாங்கத்தான் வேண்டும், ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவும் வேண்டும். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டால் வெட்டு விழுவது எங்கள் கடைசிக் காட்சிக்குத்தான். எந்த வசனத்தை வெட்டுவது என்று திரைக்குப் பின்னால் நின்ற நிலையில் முடிவு பண்ணுவதும் இதே ஆள்தான்.

1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய காலத்திலிருந்து பகலில் ஒரு உத்தியோகம், மற்ற நேரத்தில் நாடகம் என்பதுதான் அமெச்சூர்காரர்கள் வழக்கம். அவரே வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் நடிக்கிறார்கள் என்றதும் மேடையில் நிற்பவர்களுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது. அது மேடைக்குப் பின்பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. 1944-ல் நாடகக் கலை மாநாடு நடந்த ஈரோடு எங்களுக்குப் பக்கத்து ஊர் என்று பெருமை பேசுகிற நாங்களும் இதில் உங்களைவிட ஒன்றும் மேல் இல்லை.

பெயர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். எங்கள் சவுண்டு சர்வீஸ் அண்ணனே அதைத்தான் சொன்னார், "போச்சாதுங்க, நமக்கெதுக்குங்க பேரு." அவருக்குச் சரி. டிம்மர் போர்டில் லைட்காரர் பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்ணுக்கு அப்படி இல்லை. ராத்திரி வெளியே போய் என்ன பண்ணுகிறாய் என்று வீட்டில் கேட்கும்போது, 'ஒளியமைப்பு உதவி' என்று பெயர் அச்சான ஒரு பக்கத்தைக் காட்ட முடிந்தால் அடுத்த நாடகத்துக்கு அனுப்புவார்கள். 'மற்றும் குழுவினர்' என்பதைக் காட்டி எதைச் சொல்வாள்? இதற்கு நீங்கள் தனியாக இடம் ஒதுக்கக்கூட வேண்டாம், கதைச்சுருக்கத்தைப் பாதியாகக் குறைத்தாலே போதும். முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள், பொள்ளாச்சியில் போடும்போது யார் வருவார்கள் என்று கவலையாகத்தான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. போகிற போக்கில் ஒன்றிரண்டை மட்டும் சொல்லி மற்றவர்களை விட விருப்பமில்லை. ஒவ்வொருவரிடமும் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு முழுப் பட்டியலையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உடை தைத்த ஓவர்லாக் அக்கா 'திருமதி' போட்டு வீட்டுக்காரர் பெயரைச் சேர்க்க வேண்டாம், தன் பெயர் மட்டும் போதும் என்றிருக்கிறார். ஓவியர் பெயருக்கு முன்னால் 'ஆர்ட்டிஸ்ட்' வர வேண்டும், அதை வெட்டிவிடாதீர்கள். அடுத்த இதழில் திருத்தமாகவோ, சேர்க்கையாகவோ, எப்படியாவது வந்தால் போதும்.

இப்படிக்கு,
திரை இழுப்பவன்,
அவிநாசி