மங்காவுக்கும் ஓர் அலமாரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரம்பூரில் வசிக்கும் கல்லூரி மாணவி நான். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படங்கள் என்றால் எனக்கு உயிர். "இந்த வயதிலும் பொம்மைப் படமா?" என்று வீட்டில் கேட்டால் மனசு வலிக்கிறது. 2003-லேயே ஒரு ஜப்பானிய அனிமே படம் ஆஸ்கர் வாங்கிவிட்டது!

போன வாரம் 29சி பேருந்தில் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். "புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்கிறியேம்மா" என்றார் பக்கத்து சீட் தாத்தா. ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன். அப்புறம் நுங்கம்பாக்கம் வரை புத்தகம் அவர் கையில்தான்.

கைச்செலவுக் காசில் எல்லாத் தொகுதியும் வாங்க முடியாது. தோழிகளுக்குள் மாற்றிப் படித்தே அட்டை கிழிந்துவிட்டது. சென்னையின் கிளை நூலகங்களில் மங்காவுக்கு ஓர் அலமாரி ஒதுக்குங்கள், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை