கரையோடு கரை சேர்த்து மடி

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய சட்டைப் படத்தை நேற்று இரவு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தடவை தோய்த்ததும் முறுகிவிட்டது என்று கவலைப்பட்டிருந்தாய். உன் தையலில் பிழை இல்லை பிள்ளை, கீழ் விளிம்பை எவ்வளவு அழகாக மடித்துத் தைத்திருக்கிறாய்! ஆனால் பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. துணியை மடித்தபோதே அது கோணியிருக்க வேண்டும்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் துணி விரித்தால் பறந்துவிடும். விடியவே எழும்பி சீமெந்துத் தரையில் விரித்துவிடுகிறேன். நீயும் உன் சின்ன மேசையை விட்டுவிட்டுத் தரையில் விரி. தொங்குகிற துணி தன் பாரத்தாலேயே இழுபடும்.

பருத்தியை முதலில் தோய்த்துக் காயவிட்டு மினுக்கி எடு. சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். கடையில் கத்தரியால் வெட்டித் தந்த முனையை நம்பாதே, அது அநேகமாகக் கோணலாகத்தான் இருக்கும். துணியின் நீளப் பக்கத்தில் நெருக்கி நெய்த ஓரம்தான் கரை. அந்தக் கரைக்குப் பக்கத்தில் சின்னதாக வெட்டி, ஒரு குறுக்கு நூலை மெதுவாக உருவு. நூல் போன வழி கோடாகத் தெரியும், அதிலேயே வெட்டு. பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்க, கரையோடு கரை சேர்த்து மடி. மடிப்பில் சுருக்கம் விழுந்தால் கையால் தேய்த்து மறைக்காதே. ஒரு கரையை மற்றதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து, சுருக்கம் தானாகப் போகும். அப்போது முனைகள் பொருந்தாவிட்டால் துணியே கோணியிருக்கிறது. குட்டையாக நிற்கும் மூலைகளை இரண்டு பேர் பிடித்துக் குறுக்காக இழுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன்னைக் கூப்பிடுவேனே, அது இதற்குத்தான்.

அப்புறம் பற்றன் தாள், துணியின் மேல் வைத்து வெட்டுகிற அந்த அளவுத் தாள். அதில் நீளமாக ஓர் அம்புக்குறி இருக்கிறதல்லவா, அது கரையோடு நேராக ஓடுகிற நெடுக்கு நூலோடு போக வேண்டும். கண்ணால் பார்த்து வைக்காதே. அம்பின் மேல் முனையிலிருந்து கரைவரை அளந்தால் 8 அங்குலம் என்றால், கீழ் முனையிலிருந்தும் 8 அங்குலமே வர வேண்டும். இரண்டு முனையும் வளைந்து விளிம்பைத் தொடுகிற அம்பு என்றால், அந்த விளிம்பை மடிப்பின் மேலேயே வை. அங்கே தையலுக்கு இடம் விடாதே, வெட்டவும் வெட்டாதே.

இதை நான் அழுதுதான் படித்தேன். பதினைந்து வயதில், தீபாவளிக்கு வாங்கிய கருநீலப் பொப்ளினை மடித்து, மடிப்போடு சேர்த்தே வெட்டிவிட்டேன். முன்பக்கம் இரண்டு துண்டு. அம்மம்மா ஏசவில்லை. இரண்டு பக்கமும் பட்டி பிடித்து, மேலிருந்து கீழ்வரை பொத்தான் வைத்துத் தந்தா. அந்தச் சட்டையோடுதான் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனேன்.

வெட்டும்போது துணியைத் தூக்காதே. கத்தரியின் கீழலகு தரையில் உரசிக்கொண்டே போகட்டும், இடது கையால் தாளை அமத்திப் பிடி. துண்டுகளைப் பொருத்துவதற்கான அடையாள வெட்டுகளை வெளிப்பக்கம் முக்கோணமாக விடு. உள்ளே வெட்டினால் தையலுக்கான இடம் குறைந்துவிடும். வெல்வெட் வாங்கினால் எனக்குச் சொல்லிவிட்டு வெட்டு. அதன் மயிர் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் போகாவிட்டால் இரண்டு நிறம் போலத் தெரியும்.

சரி, மிச்சத் துணி எத்தனை மீற்றர்? அகலம் 45 அங்குலமா, 60 அங்குலமா? இரண்டுக்கும் துண்டுகளை அடுக்குகிற விதம் வேறு. முறுகின சட்டையை எறியாதே, வரும்போது கொண்டுவா. கீழ்ப்பகுதியைக் கழற்றி, நூலை நேர் பார்த்து வெட்டினால் தங்கச்சியின் சின்னவளுக்கு ஒரு சட்டை வரும். மூலையைப் பிடிக்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா