அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை வாசி

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, பிடித்துப் பிடித்து முற்றம் வரை நடக்கிறா என்று வாசித்ததும் மனம் குளிர்ந்தது. மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவின் கையால் சாப்பிட்ட ஒடியல் கூழை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு அடுத்த மாசம் பரீட்சை. எனக்குப் பழையபடி சீனிதான், மற்றபடி குறை இல்லை.

சரி, கார் விஷயம். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது கஷ்டம், முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளினால் காலை நீட்டி இருப்பா, அதனால் அந்த 2011 ரொயோட்டா பிரியஸை, பெற்றோலோடு பற்றரியிலும் ஓடுகிற அந்த ஹைபிரிட் காரை, வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பற்றரி எத்தனை வருஷம் போகும் என்று மட்டும்தான் என்னிடம் கேட்டிருக்கிறாய். பற்றரியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முதல் நீ கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மகன் கனடாவிலிருந்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வண்டியின் அடையாள இலக்கமான செசி நம்பரைப் போட்டுப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை, அதனால் ரீகோல் எதுவும் இல்லை, கம்பனி குறை கண்டு திருத்தித் தரக் கூப்பிட்ட வண்டி இது இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். மச்சான், ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தத் தளம் 17 எழுத்து இலக்கம் உள்ள வாகனங்களைத்தான் அறியும். ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்த வாகனத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. அந்த வண்டியின் சீ.ஆரை, பதிவுப் புத்தகத்தை, எடுத்துப் பார், ZVW30 என்கிற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு ஒரு கோடும் ஏழு இலக்கமும்தான் இருக்கும். அதை அமெரிக்கத் தளத்தில் தேடுவது, கொழும்பு அடையாள அட்டை நம்பரைக் கொண்டுபோய் லண்டனில் தேடுகிற மாதிரி. தேடவேண்டிய இடம் ஜப்பான் ரொயோட்டாவின் ரீகோல் பக்கம். அங்கே இந்த நம்பரை அப்படியே போடலாம். பக்கம் முழுக்க ஜப்பானிய மொழிதான், ஆனால் போன் கமராவைப் பிடித்தாலே மொழிபெயர்த்துவிடும். செய்யப்படாத வேலையை அவர்கள் ‘மிஜிஷ்ஷி’ என்பார்கள். மூன்று எழுத்து. முதல் எழுத்து ஒரு மரம் மாதிரி இருக்கும்: நடுவில் ஒரு தண்டு, மேலே குறுக்காக இரண்டு கோடு, கீழே இரண்டு பக்கமும் வேர். அந்த மரத்தைக் கண்டால் நின்று வாசி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யவில்லை. என் முதல் ஹைபிரிட்டை வாங்கினபோது நானும் பற்றரி, பற்றரி என்றுதான் அலைந்தேன். இரண்டு கராஜில் காசு கொடுத்துச் செக் பண்ணினேன். விற்றவர் எல்லாம் கிளியர் என்றார், நம்பினேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு பொடியன், வேறு வேலைக்காக வண்டியைத் திறந்தவன், செசி நம்பரை அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, முன் சீற் எயார்பேக் மாற்றவில்லையா?” அந்த ரீகோல் நான் வாங்குவதற்கு முன்பே வந்தது. யாரும் மாற்றவில்லை. அந்த இரண்டு வருஷமும் சின்னவள் தினமும் அந்த சீற்றில்தான் பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. இதை நான் இதுவரை யாருக்கும் எழுதவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது உன் வண்டிக்கு வருவோம். 2011 கடைசியில் செய்தது, 2013இல் கப்பலில் வந்தது என்கிறாய். அந்தத் தேதிகள்தான் எனக்கு யோசனை தந்தன.

2014 பெப்ரவரியில் இந்த மூன்றாம் தலைமுறை பிரியஸை ரொயோட்டா உலகம் முழுக்க ரீகோல் பண்ணியது. ஏறக்குறைய 19 இலட்சம் வண்டிகள், பாதிக்கு மேல் ஜப்பானிலேயே. பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் இருக்கிறதே, அதற்குள் இருக்கும் ட்ரான்சிஸ்டர்கள், கடுமையாக அழுத்தி ஓட்டும்போது அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகலாம் என்பதுதான் காரணம். மென்பொருளை மாற்றினார்கள். 2018 அக்டோபரில் திரும்பவும் ஒரு ரீகோல், 24 இலட்சம் வண்டிகள். பழுது வந்தால் வண்டி வேகத்தைக் குறைத்து ஓரத்துக்கு வரும் அளவுக்காவது ஓட வேண்டும், சில சமயம் அப்படி நடக்காமல் முழுதாக நின்றுபோகலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதாவது முதல் தடவை செய்ததே போதவில்லை. ஆகவே யாராவது “ரீகோல் செய்தாச்சு” என்றால், எந்த வருஷத்து ரீகோல் என்று கேள். ஏ9 வீதியில் எதிரே பஸ் வர, லொறியை முந்துவதற்காகக் காலை அழுத்துகிற நேரத்தை நினைத்துப் பார். இன்வேர்ட்டருக்குப் பாரம் ஏறுவது அந்த நேரத்தில்தான்.

இரண்டுக்கும் நடுவில், 2016 ஜூனில், எயார்பேக். ஜன்னலுக்கு மேலே கூரை ஓரத்தில் திரை மாதிரி விரியும் ஒன்று இருக்கிறது. அதை ஊத வைக்கிற குழலில் வெல்டிங் பண்ணின இடத்தில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கலாம், அது பெருத்தால் நிற்பாட்டி வைத்த வண்டியிலேயே குழல் பிரிந்து உள்ளே வரலாம் என்று அறிவித்தார்கள். 2010 அக்டோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை செய்த வண்டிகள், மொத்தம் 14 இலட்சத்து 30 ஆயிரம். உன் வண்டி சரியாக அந்தக் காலத்துக்குள் விழுகிறது. அம்மாவின் தலைக்கு மேலே இருக்கும் இடம் அது.

கவனித்தாயா? 2014, 2016, 2018. மூன்றும் வண்டி கப்பலேறிய பிறகு வந்தவை. ஜப்பானில் ரீகோல் வந்தால் கம்பனி உரிமையாளருக்குக் கடிதம் போடும். அந்தக் கடிதம் ஒசாகாவிலோ நகோயாவிலோ ஒரு பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு யார் போடுவார்கள்? வண்டி கடல் கடந்தால் அதன் குறையும் கூடவே வருகிறது, அதைச் சொல்கிற கடிதம்தான் வருவதில்லை. இந்த நாட்டில் ஓடுகிற ஜப்பானிய ரீகொண்டிஷன் வண்டிகள் எத்தனையோ ஆயிரத்துக்கும் இதே கதைதான். இறக்குமதிக்குத் தடை விழுந்த 2020இலிருந்து 2025 வரை புது வண்டி வராமல், இருந்தவையே கைமாறிக் கைமாறி ஓடின. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது, விபரம் தேய்ந்தது.

இனி நீ செய்யவேண்டியது. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு பூட்டும் கொக்கி இருக்கிற தூணைப் பார். ஜப்பானில் ரீகோல் வேலை முடிந்தால் அந்த இடத்தில் இலக்கம் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உன் வண்டியில் இந்த மூன்றுக்கும் அது இருக்க வழியில்லை, வண்டி அப்போது இங்கே நின்றது. இங்கே செய்தோம் என்று விற்பவர் சொன்னால் ஜொப் காட்டை, கராஜ் எழுதிக் கொடுக்கிற வேலைச் சீட்டை, கேள், செசி நம்பர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செசி நம்பரையும் ரீகோல் விபரத்தையும் எழுதி ரொயோட்டா ஏஜன்டிடம் கொண்டுபோய்க் கொடு, பதிலையும் எழுத்தில் வாங்கு. வாய்ச்சொல் வேண்டாம். அந்தப் பதில் வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதே.

அப்புறம், ரீகோலுக்குள் வராத வருத்தங்களும் இந்த வண்டிக்கு உண்டு. இதில் இருப்பது 1.8 லீற்றர் இஞ்சின். புகையின் ஒரு பகுதியைத் திருப்பி இஞ்சினுக்கே அனுப்புகிற குழாயும் அதைக் குளிரப்பண்ணும் பெட்டியும் நாளடைவில் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் இஞ்சினின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கஸ்கெட் என்ற தகடு போகலாம். இஞ்சினைக் குளிரப்பண்ணும் கூலன்ட் கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சினுக்குள் இறங்கும். இதைப் பிடிக்க ஒரே நேரம், விடியக்காலை. இரவு முழுக்க நின்ற வண்டியை, யாரும் தொடாமல், உன் முன்னால் ஸ்டார்ட் பண்ண வேண்டும். முதல் சில விநாடி இஞ்சின் கடகடவென்று உலுக்கிவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதியானால், விட்டுவிட்டு வா. நீ போகும்போது போனட் ஏற்கெனவே சூடாக இருந்தாலும் விட்டுவிட்டு வா. பிறேக்கையும் கவனி, வண்டியை நிற்பாட்டிவிட்டு காது கொடுத்தால், பம்ப் அடிக்கடி தானாக ஓடுகிறதா என்று கேட்கும். அந்தப் பகுதி மாற்றுவது பெரிய செலவு.

இதற்கெல்லாம் உன் காதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் உங்கள் அப்பாவின் ஏ40 கார், காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுமே, தெருமுனையில் வரும்போதே “இன்றைக்கு ஒரு பிளக் அடிக்கவில்லை” என்று சொல்வாய். அந்தக் காதோடு போ.

பற்றரிக்கு வருகிறேன். இதில் 28 துண்டுகள், இரண்டிரண்டாக 14 சோடி, எல்லாம் சேர்த்து 201.6 வோல்ற். அவை ஒன்றுக்கொன்று சமமாக ஏறி இறங்குவதுதான் ஆரோக்கியம். வண்டியில் செருகிப் போனோடு சேர்த்துப் பார்க்கிற சின்ன ஓபிடி கருவி வேண்டும், நான் வைத்திருப்பதையே கொண்டுவருகிறேன். வண்டியை ஓட்டும்போது 14 கோடுகளும் ஒன்றாக ஆட வேண்டும். ஒன்று மட்டும் விழுந்து விழுந்து எழும்பினால் அந்தச் சோடி களைத்துவிட்டது. களைத்ததை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள், ஆனால் மற்றவையும் அதே வயதுதான், கொஞ்ச நாளில் அடுத்தது விழும். அதே கருவியில் இன்னொன்றும் பார்: பழுதுக் குறிகளை அழித்தபிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்று காட்டும். அது பத்து, இருபது என்று நின்றால், உனக்குக் காட்டுவதற்காக நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்கள். பின் சீற்றுக்குப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று போகிற வலை இருக்கும், அதைக் கழற்றிப் பார். நம் ஊர்ப் புழுதி அதில்தான் படியும். அடைத்தால் பற்றரி சூடேறிச் சீக்கிரம் போகும். துடைப்பதற்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை.

உண்மையில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அறிய, ஜப்பானில் வண்டியை ஏலத்தில் விற்றபோது எழுதின பரிசோதனைத் தாளைக் கேள். தரம் என்ற இடத்தில் 4 அல்லது 4.5 இருந்தால் நல்லது. R என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது. விற்பவர் காட்டுகிற பிரதியை மட்டும் பார்க்காமல் செசி நம்பரைக் கொடுத்து வேறாக எடுத்துப் பார். கொழும்புப் பதிவு வண்டி என்பதால் கம்பளத்தைத் தூக்கிச் சேறு, துரு இருக்கிறதா என்றும் பார். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் தண்ணீரில் நின்றன. ஹைபிரிட்டுக்குப் பெரிய பற்றரி பின் சீற் பக்கம் தாழ்வாக இருக்கிறது என்பதை மறக்காதே.

மைத்துனர் ஹொண்டா பார்க்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபிட் ஜிபி5 என்றால், 2013 செப்டெம்பரில் வந்து 2014 அக்டோபருக்குள் ஐந்து ரீகோல் கண்ட வண்டி அது, பெரும்பாலும் கியர்பொக்ஸ் மென்பொருள். அந்த முறை ஹொண்டாவின் தலைவரே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த ஐந்தும் செய்யப்பட்டிருந்தால் நிம்மதி. ஹொண்டாவின் பழைய இன்சைட் என்றால் தக்காட்டா எயார்பேக்கைப் பார்க்காமல் கதவைக்கூடத் திறக்காதே. அந்தக் கம்பனி ஊதுகுழலில் அமோனியம் நைத்திரேற்றைப் போட்டது. வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அது கெட்டு, விரியும்போது குழலே வெடித்து இரும்புத் துண்டுகளை வீசும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடங்களுக்கு முதலில் மாற்றச் சொன்னார்கள். நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? மலேசியாவிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தக்காட்டா 2017இல் வங்குரோத்தாகிவிட்டது, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

எனக்கு அந்த பிரியஸ் பிடிக்காமல் இல்லை. மூன்று ரீகோலும் தீர்ந்து, காலையில் உலுக்காமல் எழும்பினால், அம்மாவுக்கு அதைவிட வசதியான வண்டி அந்த விலையில் கிடைக்காது. பற்றரி போனால் காசு போகும், காசைப் பிறகு தேடலாம். எயார்பேக் விஷயத்தில் அந்தக் கணக்கு இல்லை.

வருகிற வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறேன், லீவு போட்டுவிட்டேன். சனி காலை ஐந்தரைக்கு வண்டிக்காரர் வீட்டுக்குப் போவோம், அதுவரை இஞ்சினைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வை. செசி நம்பரை நாளைக்கே படம் எடுத்து அனுப்பு, ஜப்பான் பக்கத்தில் நானே பார்த்துவிடுகிறேன். அம்மாவுக்குப் பிடித்த மஸ்கட் இனிப்பு வாங்கி வைத்திருக்கிறேன், சீனி கூடாது என்று எனக்குத்தானே சொன்னார்கள், அவவுக்கு இல்லையே. நான் வருகிறேன் என்று சொல்லு.

அன்புடன்,
ரவி