டூரை ராயபுரத்திலிருந்து தொடங்குங்கள்

வடசென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எல்லாப் பள்ளிகளிலும் டூர் பேச்சு கிளம்பிவிடும். ஏதாவது ஒரு தீம் பார்க், வண்டலூர், இல்லையென்றால் மகாபலிபுரம். தலைக்கு இவ்வளவு என்று சீட்டு வரும். கட்ட முடிந்த பிள்ளைகள் பஸ் ஏறுவார்கள். முடியாதவர்கள் அன்றைக்கு வயிற்று வலி என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். தண்ணீரில் ஆடப் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை, நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். ஆனால் சமூக அறிவியல் புத்தகத்தில் வரும் இடங்களில் பல நம் பள்ளிகளிலிருந்து மெட்ரோவில் நாலைந்து ஸ்டேஷன் தூரத்தில் இருக்கின்றன. வருஷத்தில் ஒரு நாளை அவற்றுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்பே பம்பாயில் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அங்கே முதல் ரயில் கிளம்பிய நிலையம் இன்று அப்படியே இல்லை. ராயபுரத்தில் தூண்கள் வைத்த அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போகிறார்கள், யாரும் நிறுத்திக் காட்டியதில்லை. இங்கே பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லி எழுதச் சொல்ல வேண்டாம். ஒரு கேள்வி போதும்: முதல் ரயில் ஏன் சென்ட்ரலிலிருந்து கிளம்பவில்லை? சென்ட்ரல் கட்டடமே 1873-இல்தான் வந்தது. கப்பல் சரக்கு படகுகளில் வந்து இறங்கிய கடற்கரையும், அதை விற்ற ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களும், கோட்டையும் இந்தப் பக்கம்தான் இருந்தன. இதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடிப்பார்கள். விட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து உயர் நீதிமன்றம் பக்கம் போனால் எம்டன் கதை. பத்தாம் வகுப்புப் பாடத்தில் முதல் உலகப் போருக்குள் ஒரே வரியில் வந்து போகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் கடலில் நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அன்று குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் பலகை நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. தேடித்தான் பார்க்க வேண்டும், அதுவும் நல்லதுதான். தேடச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் மாட்டேன் என்கிறது?

செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. தலைமைச் செயலகமும் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும். பள்ளி அடையாள அட்டை கட்டாயம். மாடியில் கவர்னர்களின் பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், அவை சின்னப் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும். கத்தி, துப்பாக்கி, பீரங்கி, நாணயம் இருக்கும் பக்கத்தில் நேரம் கொடுங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை இங்கேதான் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எங்களோடு வந்த வாண்டுகள்கூடக் கொஞ்ச நேரம் சத்தம் போடவில்லை. பக்கத்திலேயே 1680-இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம். முடிந்தால் அரண்மனைக்காரத் தெருவின் ஆர்மேனியன் தேவாலயத்தையும் எட்டிப் பாருங்கள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்த வளாகத்தில் இருக்கிறது.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது, வியாபாரி கட்டியது என்று யாராவது முகம் சுளிக்கலாம். சரி, திருவொற்றியூருக்கு வாருங்கள். தேரடி மெட்ரோவில் இறங்கினால் நடந்துவிடலாம். தியாகராஜர் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் சந்நிதியின் பின்பக்கம் நேராக இருக்காது, படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கருங்கல்லால் எடுப்பித்தார்கள். கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி. ராஜா பெயர் எல்லாக் கோயிலிலும் இருக்கும், வேலை செய்தவன் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது? கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய. அவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அப்புறம் சுவரில் ட, ப இரண்டு எழுத்தையும் தேடச் சொல்லுங்கள். ஆயிரம் வருஷத்தில் அவை பெரிதாக மாறவில்லை. ஒருத்தி கண்டுபிடித்துவிட்டால் போதும், மற்றவர்களைச் சுவரிலிருந்து பிரித்துக் கூட்டிவருவதுதான் கஷ்டம். கல்லைத் தொடக் கூடாது, சாக்பீஸால் எழுத்தின் மேல் தீட்டக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டடமே இல்லாத அருங்காட்சியகமும் நம்மிடம் இருக்கிறது. பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்றார்கள். மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அதில் வேலை பார்த்த தாத்தாக்கள் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஷிப்டு சங்கு எப்போது ஊதும், சம்பள நாளில் தெரு எப்படி இருக்கும், ஸ்ட்ரைக்கின்போது வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். செலவு ஒரு டீ, ஒரு பன். இதைத் தள்ளிப்போட வேண்டாம், அவர்களுக்கு வயதாகிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை ஏன் ஆயாக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள் என்பதையும் வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். 1782 பஞ்சத்தில் அங்கே இருந்த சத்திரத்தில் கஞ்சி ஊற்றியதில் தொடங்கிய கதை அது.

பஸ் வைத்துத்தான் போவோம் என்றால், எண்ணூர் பிள்ளைகளைப் பூண்டிக்குக் கூட்டிப் போங்கள். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கருவிகளைப் பார்க்கலாம். சாம்பல் கழிவையும் எண்ணெய்க் கசிவையும் மட்டுமே தங்கள் ஆற்றோடு சேர்த்துக் கேட்டு வளரும் பிள்ளைகள், அதே ஆற்றங்கரையில் மனிதர்கள் கைக்கோடரி செய்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி நடைமுறை. இதுவரை நான் கேட்ட மறுப்புகளில் உண்மையானது ஒன்றுதான்: கழிப்பறை. பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாலு மணி நேரம் வெளியே சுற்றுவது டீச்சர்களுக்குப் பயம், அது நியாயமான பயம். அதனால்தான் மெட்ரோ வழியில் இருக்கும் இடங்களாகவே சொல்கிறேன், ஸ்டேஷன்களில் கழிப்பறை இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரே இடம், மிஞ்சினால் இரண்டு. ஒரு வகுப்பு மட்டும் போகட்டும், முழுப் பள்ளியும் வேண்டாம். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டியிருக்காது.

தயவுசெய்து பலகையில் இருப்பதை நோட்டில் காப்பி பண்ணச் சொல்லாதீர்கள். வரிசையில் நின்று குனிந்து எழுதிக்கொண்டே போன பிள்ளைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்றே தெரியாது. திரும்பி வந்ததும் கட்டுரைப் போட்டியும் வேண்டாம். வரைய விரும்புகிறவர்கள் வரையட்டும், மற்றவர்கள் வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். துணைக்கு வரப் பெற்றோர் நாங்கள் தயார். ஆனால் எங்களில் பலர் காசிமேட்டிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்கிறவர்கள், ஷிப்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தேதியை ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மீன் மார்க்கெட்டில் கூட்டம்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர் உறுப்பினர்,
தண்டையார்பேட்டை.