தனக்குத் தானே ஆஃபர் லெட்டர் எழுதுவது எப்படி?

கல்லூரிகளின் தொழில்முனைவுக் கல்வியை இணையதளம் வழியே மதிப்பிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் காலாண்டு அறிக்கை உரிய தேதிக்குள் வந்து சேர்ந்திருக்கும். தொழில்முனைவுச் சொற்பொழிவில் எடுத்த, இடம் பதிவான (ஜியோ டேக்) படங்களில் பேனர் தெரியும்படி ஒன்று, கூட்டம் தெரியும்படி ஒன்று. வருகைப் பட்டியலும் உண்டு. அரங்கம் நிரம்பியது பேச்சாளருக்காக அல்ல. லேப் வகுப்பை ரத்து செய்து மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தக் கூட்டத்துக்கு மதிப்பெண் கிடைத்தது. எங்கள் பழைய மாணவன் ஒருவனுக்குத்தான் கிடைக்கவில்லை. பள்ளிபாளையத்துப் பையன், வீட்டிலேயே விசைத்தறி. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் சின்ன சென்சார் பெட்டியைப் படிக்கும்போதே செய்து, அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களுக்கு விற்றான். இன்று அவனிடம் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்கிறது, இரண்டு பேருக்குச் சம்பளமும் கொடுக்கிறான்.

அவனைப் பதிய உங்கள் படிவத்தில் இடம் தேடினோம். நிகழ்ச்சிப் பகுதி, தலைமை விருந்தினர் பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. வேலைவாய்ப்புப் பகுதி ஆஃபர் லெட்டர் கேட்டது. முதலாளியே அவன்தான் என்று சொல்ல அங்கே கட்டம் இல்லை. உதவி எண்ணை அழைத்தால், "அப்படின்னா அவரை விட்டுடுங்க சார்" என்றார்கள். விட்டுவிட்டோம். உங்கள் கணக்கில் அவன் வேலையில்லாதவன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எத்தனை கூட்டம் நடத்தினீர்கள் என்று கேட்காதீர்கள். படிப்பு முடிந்து மூன்று ஆண்டு கழித்து மாணவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அதற்கான தரவு அரசிடமே இருக்கிறது. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு இணையத்தில்தான் நடக்கிறது, ஜிஎஸ்டி பதிவும் இணையத்தில்தான். மாணவரின் சம்மதம் பெற்று, பட்டம் வாங்கியோர் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டாலே போதும். தொழிலை மூடியவர்களும் அதில் தெரிவார்கள். தெரியட்டும். எங்கள் பாடத்தில் எது உதவியது, எது வெறும் பேச்சு என்று அவர்களைவிட யார் சொல்ல முடியும்?

உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் புத்தாக்கத்துக்கென 2023இல் தனிப் பிரிவே வந்துவிட்டது. அதே தரவரிசை, வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் (மீடியன்) சம்பளத்தையும் கேட்கிறது. தொழில் தொடங்கியவனுக்கு முதல் வருஷம் ஏது சம்பளம்? ஆகவே, மாணவன் தொழில் தொடங்காமல் இருப்பதே கல்லூரிக்கு லாபம். தொழில்முனைவுப் பிரிவை நாங்கள் நடத்துகிறோம். அது வெற்றி பெற்றுவிடக் கூடாதே என்று வேலைவாய்ப்புப் பிரிவு வேண்டிக்கொள்கிறது. நடுவில் ஆசிரியர்கள் இரவு பதினோரு மணிக்கு பிடிஎஃப்பைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலைக்கு பிஎச்டி எதற்கு என்று எங்கள் வீட்டில் கேட்கிறார்கள்.

சரி, கோபம் எங்கோ இழுத்துப் போகிறது; மன்னிக்கவும். கூட்டக் கணக்கை விட்டு மாணவர் கணக்கைக் கேளுங்கள் என்பதே கோரிக்கை. முழு மாற்றத்துக்கு நாளாகும் என்றால், அடுத்த கல்வியாண்டின் படிவத்திலாவது 'சொந்தத் தொழில்' என்று ஒரு கட்டமும் உத்யம் எண் போட ஓர் இடமும் தயவுசெய்து சேர்த்துக் கொடுங்கள். ஆஃபர் லெட்டர் கட்டாயம் என்பதை அந்த ஒரு வரிக்கு மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இணைப்புக் கல்லூரியின் தொழில்முனைவுப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்