சனிக்கிழமைப் பேச்சு: கிளீவ் மோலர்

நண்பர்களே, இந்தச் சனி மாலை 6 மணிக்கு, வழக்கமான அறையில், மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளை உருவாக்கிய பேராசிரியர் கிளீவ் மோலரைப் பற்றிப் பேசுகிறோம்.

1970களின் பிற்பாதி, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம். லின்பேக், எய்ஸ்பேக் என்ற அணிக் (matrix, எண்களின் அட்டவணை) கணக்கு நிரல்களை மாணவர்கள் பயன்படுத்த வேண்டும், ஆனால் அவை எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் நிரல்மொழியோடு மல்லுக்கட்டக் கூடாது. அதற்காக அவர் எழுதியதுதான் மேட்லேப். முதல் பதிப்பில் அணியைத் தவிர வேறு தரவு வகையே கிடையாது. வரைபடம்கூட நட்சத்திரக் குறிகளால்தான்! பிறகு ஸ்டான்ஃபோர்டில் பாடம் எடுத்தபோது அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பொறியியல் மாணவர்கள். 1984இல் அது நிறுவனமாகவே ஆனது. கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருதை 2021ஆம் ஆண்டுக்காகப் பெற்ற ஜாக் டொங்காராவும் மோலரிடம் முனைவர் பட்டம் செய்தவர்தான்.

அப்புறம், மேட்லேப் அல்லது அதைப் போன்ற இலவச மென்பொருளான ஆக்டேவ் உள்ள மடிக்கணினியை எடுத்து வாருங்கள். ஒரே ஒரு பின்சாய்வுக் கோட்டில் (\) நூறு சமன்பாடுகளைத் தீர்த்துப் பார்க்கலாம். சார்ஜரை மறக்காதீர்கள், அறையில் கூடுதலாக இல்லை.