சங்கத்து நட்பும் மருந்து மொத்தக் கடையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலை மாற நினைப்பவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இணையத் தொடர்புகள் பற்றி நிறைய இருந்தது. தொழிற்சங்கம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் மதுரையில் மெடிக்கல் ரெப்பாக, அதாவது டாக்டர்களிடம் கம்பெனி மருந்துகளை எடுத்துச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். எங்கள் சங்கத்தில் எல்லோரும் போட்டிக் கம்பெனிக்காரர்கள்தான். பகலில் டாக்டர் அறை வாசலில் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்போம். ராத்திரி கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து விற்பனை இலக்கைத் திட்டுவோம். எங்களைப் போன்றவர்களுக்கென்று 1976-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அங்கேதான், கம்பெனியில் இல்லை.

50 வயதை நெருங்கியதும் பையைத் தூக்கி அலைய முடியவில்லை. மருந்து மொத்த வியாபாரம் செய்யேன் என்றார் சங்கத்து அண்ணன் ஒருவர். மருந்தாளுநர் படிப்பான பி.பார்ம் படிக்கவில்லையே என்றேன். மொத்த விற்பனைக்குப் பட்டப்படிப்பும் மருந்து விற்பனையில் ஓராண்டு அனுபவமும் போதும், இடம் 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, 20பி, 21பி உரிமங்கள் வாங்கு என்று விரல்விட்டுச் சொன்னார். எந்தக் கடைக்காரர் பணத்தை இழுத்தடிப்பார் என்று இன்னொருவர் சொன்னார். உரிமத்தைவிட எனக்கு அதிகம் உதவியது அந்தத் தகவல்தான்!

ஒரு குறை. இப்போது பெண் ரெப்களும் வருகிறார்கள். ராத்திரி 9 மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்களுக்கு இந்த நட்பு எப்படிக் கிடைக்கும்? சங்கங்கள் நேரத்தை மாற்ற வேண்டும்.

முன்னாள் மருந்து விற்பனைப் பிரதிநிதி,
மதுரை.